மூடியைத் திறந்து பார்த்தவர்: ஜி.டி. நாயுடு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல், கீழ்பென்னாத்தூர்)

பட்டம் எதுவும் பெறாத ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக அமர்ந்தார் என்று சொன்னால் இன்று நம்புவது கடினம். பள்ளிப் படிப்பையே தொடக்க நிலையில் விட்டவர் அவர். ஆயினும் அவர் நடத்திய பேருந்துகளில் கொங்கு நாடே பயணம் செய்தது. அவர் கண்ட சவரக் கருவி ஜெர்மனியில் உற்பத்தியாயிற்று. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது அவருடைய தொழிற்சாலையில் பிறந்தது. அவர்தாம் கோபால்சாமி துரைசாமி நாயுடு என்னும் ஜி.டி. நாயுடு.

அவரை விஞ்ஞானி என்பர் சிலர். தொழிலதிபர் என்பர் சிலர். விசித்திர மனிதர் என்பாரும் உண்டு. அவருடைய வாழ்வை, இயற்பியல் படிக்கும் மாணவன் என்ற முறையில், ஒரு சிறு பொருளை முன்வைத்துக் காண விழைகிறேன். அப்பொருள் மோட்டாரின் பக்கவாட்டில், நான்கு திருகுகளால் மூடப்பட்ட பெட்டிக்குள் இருக்கும் முனையப் பலகை. நம் ஊர்க் கிணற்று மேட்டில் அதனை 'டெர்மினல் போர்டு' என்றே சொல்கிறோம்.

கலங்கல் சிறுவன்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் நாயுடு பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு உழவர். இளமையிலேயே தாயை இழந்த சிறுவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வகுப்பறையின் நான்கு சுவர்களைவிட வயல்வெளியே அவனை ஈர்த்தது.

ஒரு நாள் அவ்வூர்ப் பக்கம் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி மட்டும் தானே ஓடுகிறது! பார்த்தவர்கள் வியந்தார்கள், வியந்துவிட்டு வேலைக்குப் போனார்கள். துரைசாமியால் அப்படிப் போக முடியவில்லை. அந்த வண்டி தமக்கு வேண்டும் என்று எண்ணினார். கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார்.

இங்கேதான் அவருடைய வாழ்வின் திறவுகோல் இருக்கிறது. அரும்பாடுபட்டு வாங்கிய வண்டியில் ஊரைச் சுற்றி வந்து பெருமைப்பட்டுக்கொள்வது இளைஞர்க்கு இயல்பு. அவரோ அதனைக் கழற்றினார். ஒவ்வொரு பாகமாகப் பிரித்து வைத்தார், மீண்டும் பூட்டினார். எந்த நூலும் துணைக்கு இல்லை. எந்த ஆசிரியரும் அருகில் இல்லை. பிரித்த வண்டி மறுபடியும் ஓடியதே அவர் எழுதிய முதல் தேர்வு எனலாம்.

ஒற்றைப் பேருந்து

பின்னர் அவர் பருத்தித் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை நடத்திப் பொருள் ஈட்டினார். பெரிய வாணிகம் செய்யும் ஆசையோடு பம்பாய்க்குச் சென்றார். ஈட்டியதை இழந்து திரும்பினார். வேறொருவராயின் அத்துடன் ஒடுங்கியிருப்பார். நாயுடு கோயம்புத்தூரின் தொழில் முன்னோடியான ராபர்ட் ஸ்டேன்ஸ் அவர்களிடம் சென்றார். அவருடைய உதவியோடு ஒரு பேருந்து கிடைத்தது. 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது. ஓட்டுநரும் அவரே, உரிமையாளரும் அவரே.

அந்த ஒற்றை வண்டியே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. வண்டிகள் பெருகின, அவற்றைப் பழுது பார்க்கப் பட்டறைகள் எழுந்தன. வெளிநாட்டிலிருந்து உதிரி பாகம் வரும்வரை வண்டியை நிறுத்தி வைப்பதை அவர் விரும்பவில்லை. தம் பட்டறையிலேயே செய்ய முடியுமா என்று பார்த்தார். பேருந்து முதலாளியைப் பொறியாளர் ஆக்கியது அந்தப் பட்டறைதான் என்றால் மிகையாகாது.

1930களில் அவர் ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்கும் பயணம் செய்தார். சென்ற இடமெல்லாம் தொழிற்சாலைகளைக் கண்டார்; கேமராவும் கையுமாகச் சுற்றினார். 1936ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய 'ரேசன்ட்' என்னும் சவரக் கருவி ஜெர்மனியில் உற்பத்தியானதும் அந்த ஆண்டுகளில்தான். கைக்குள் அடங்கும் கருவிக்குள் மோட்டாரை அடக்கிய அவருடைய மனம், அடுத்து வயலுக்கும் ஆலைக்கும் வேண்டிய மோட்டாரின் பக்கம் திரும்பியது.

முதல் மோட்டார்

1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையில் பிறந்த மின்சாரம் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு இறங்கி வந்தது. நூற்பாலைகள் பெருகின. கிணறுகளில் மாடு கட்டி இறைத்த இடத்தில் மோட்டார் வைக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் மோட்டார் கடல் கடந்துதான் வரவேண்டும். பழுதானால் பாகமும் கடல் கடந்துதான் வரவேண்டும்.

இந்நிலையில் நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு என்னும் இளம் திறமையாளரோடு சேர்ந்து, பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்சாலையைக் கண்டார். 1937ஆம் ஆண்டில் அங்கு மின்மோட்டார் உருவாயிற்று. பாலசுந்தரம் அவர்கள் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவிப் புகழ் பெற்றார். ஒரு பட்டறையில் கற்றவர் வெளியேறி மற்றொரு பட்டறை தொடங்க, அதில் கற்றவர் இன்னொன்று தொடங்க, கோயம்புத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊராயிற்று. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பகுதியில் நெல்லும் மணிலாவும் விளைவிக்கும் கிணறுகளை எட்டிப் பாருங்கள். மோட்டாரின் பெயர்த்தகட்டில் கோயம்புத்தூர் என்ற ஊர்ப்பெயரைப் பல இடங்களில் காணலாம். எங்கள் பாட்டனார் காலத்துக் கவலை ஏற்றத்தை ஓய்வெடுக்க வைத்தவை அந்த மோட்டார்கள்தாம்.

பெட்டிக்குள் ஒரு பாடம்

இப்போது அந்த மோட்டாரின் பக்கப் பெட்டியைத் திறப்போம். மின்சாரத்தை நிறுத்தி, ஃபியூஸ் கட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே திறக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மும்முனை மோட்டாருக்குள் மூன்று சுருள்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. ஆக ஆறு கம்பிகள் வெளியே வருகின்றன. அவை மின்கடத்தாப் பலகையொன்றில், வரிசைக்கு மூன்றாக, ஆறு பித்தளைத் திருகாணிகளில் பொருத்தப்பட்டிருக்கும். மேல் வரிசையில் முதல், இரண்டாம், மூன்றாம் சுருள்களின் தொடக்கங்கள். கீழ் வரிசையில் அதே ஒழுங்கில் முடிவுகள் இருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். அப்படி இராது. கீழே மூன்றாம் சுருளின் முடிவு முதலிலும், அதன்பின் முதல் சுருளின் முடிவும், கடைசியில் இரண்டாம் சுருளின் முடிவும் இருக்கும். ஓர் இடம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

ஏன் இந்த மாற்றம்? மூன்று பித்தளைப் பட்டைகளை மேலிருந்து கீழாக நேரே பொருத்திப் பாருங்கள். முதல் சுருளின் தொடக்கம் மூன்றாம் சுருளின் முடிவோடும், இரண்டாவதன் தொடக்கம் முதலாவதன் முடிவோடும், மூன்றாவதன் தொடக்கம் இரண்டாவதன் முடிவோடும் சேர்கின்றன. மூன்று சுருள்களும் முக்கோணமாகக் கைகோத்துக்கொள்கின்றன. இதுவே டெல்டா இணைப்பு. அதே பட்டைகளைக் கழற்றிக் கீழ் வரிசையில் படுக்கையாகப் பொருத்தினால் மூன்று முடிவுகளும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. இது ஸ்டார் இணைப்பு. முடிவுகளை ஓர் இடம் தள்ளி வைக்காமல் இருந்திருந்தால், நேர்ப்பட்டை ஒவ்வொரு சுருளின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும்; மூன்று சுருள்களும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே நிற்பதால் மும்முனை மின்சாரம் பாய வழியே இராது, மோட்டார் ஓடாது. தள்ளி வைத்தால் குறுக்குக் கம்பியே தேவையில்லை. பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் இந்தச் சிறு ஒழுங்கு எத்தனை பெரிய சிந்தனை!

415 வோல்ட் மின்சாரத்தில் டெல்டாவாக இணைத்தால் ஒவ்வொரு சுருளுக்கும் 415 வோல்ட் முழுதும் கிடைக்கும். ஸ்டாராக இணைத்தால் அதனை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 240 வோல்ட்தான் கிடைக்கும். மோட்டாரை ஸ்டாரில் கிளப்பினால் மின்கம்பியிலிருந்து அது இழுக்கும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகிறது. முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்காகிறது. ஆகவே பெரிய மோட்டார்களை ஸ்டாரில் கிளப்பி, வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாற்றுகிறார்கள். கிணற்று மேட்டு அறையில் இரும்புப் பெட்டியாய் நிற்கும் ஸ்டார்ட்டரின் வேலை இதுவே.

அந்தப் பெட்டிக்குள் சட்டம் ஒன்றில் வரிசையாக மூன்று கான்டாக்டர்கள் பொருத்தப்பட்டிருக்கும்: மின்சாரத்தை உள்ளே விடுவது ஒன்று, ஸ்டாருக்கு ஒன்று, டெல்டாவுக்கு ஒன்று. அவற்றின் கீழே தண்டவாளம் போன்ற ஒரு பட்டையில் முனையக் கட்டைகள் ஒன்றோடொன்று செருகி, எண்ணிட்டு, வரிசையாக நிற்கும். ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் மூன்று முனை மின்சாரமும் நேருக்கு நேர் மோதிவிடும். அதைத் தடுக்கவே இன்டர்லாக் உண்டு. ஒரு கான்டாக்டர் மூடும்போது மற்றதன் சுருளுக்குப் போகும் மின்வழியை அது துண்டித்துவிடும். சிலவற்றில் நெம்புகோல் ஒன்றும் குறுக்கே நின்று தடுக்கும். ஆள் மறந்தாலும் சட்டம் மறப்பதில்லை.

திருகாணியின் இறுக்கம்

5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். முனையப் பலகையில் ஒரு திருகாணி தளர்ந்து, அங்கே 0.1 ஓம் தடை ஏற்பட்டது என்று வைத்துக்கொள்வோம். நாம் வகுப்பில் கற்ற ஜூல் விதிப்படி, ஏழை ஏழால் பெருக்கி அதனை 0.1 ஆல் பெருக்கினால், அந்தப் புள்ளியில் 4.9 வாட் வெப்பம் பிறக்கிறது. நேரடியாகக் கிளப்பும் கணத்தில் மின்னோட்டம் ஆறு மடங்காகி 42 ஆம்பியரானால், அதே புள்ளியில் 176 வாட் பிறக்கும். முனை கருகும், ஒரு முனை அறுந்த நிலையில் மற்ற இரண்டில் மோட்டார் முனகும், சற்று நேரத்தில் சுருள் போய்விடும். அரைச் சுற்று இறுக்காத திருகாணியால் ஒரு போக நெல் காய்வது உண்டு.

எங்கள் பக்கத்து நிலத்தில் இதைப் போன்ற ஒன்று நடந்தது. டெல்டாவில் ஓடவேண்டிய மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்து வாங்கி வந்தார்கள். பொருத்தியவர் பித்தளைப் பட்டைகளைப் படுக்கையாக வைத்து மூடிவிட்டார். மோட்டார் ஓடியது, தண்ணீர் மட்டும் மெலிந்து வந்தது, உடம்பு தொட முடியாமல் சுட்டது. ஸ்டாரில் சிக்கிக்கொண்ட மோட்டார் முழுச் சுமையையும் இழுக்கத் திணறிக் கூடுதல் மின்னோட்டம் குடித்தது. கிணற்றில் தண்ணீர் குறைவு என்றார் ஒருவர். மின்சாரம் சரியில்லை என்றார் இன்னொருவர். நான்கு நாளில் சுருள் கருகியது. மறுபடியும் காயில் கட்டக் கடன் வாங்கினார்கள். நான்கு நாளும் நான்கு திருகுகளைக் கழற்றி உள்ளே பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்த்திருந்தாலும் எது சரி என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

நாயுடு அவர்களின் வாழ்வு எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். அவர் மூடியைத் திறந்து பார்த்தவர்.

கல்லூரி கண்டவர்

1944ஆம் ஆண்டில் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து நாயுடு விலகினார். தாம் ஈட்டியதைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் தொழிலாளர் நலனுக்கும் செலவிட முனைந்தார். 1945ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில், அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால், பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்ற அவர் காரணமானார். அக்கல்லூரியின் வழிவந்ததே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பீளமேட்டுப் பகுதியில் ஹோப் காலேஜ் என்ற பெயர் இன்றும் பேருந்து நிறுத்தத்தின் பெயராக நிலைத்திருக்கிறது.

முதல்வராக அமர்ந்த நாயுடுவுக்கும் ஆட்சியாளர்க்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை. முறையாக, பட்டறையோடு சேர்த்துக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவருடைய உறுதியான கருத்து. அரசு அதனை ஏற்கவில்லை. தாம் உருவாக்கிய கல்லூரியின் முதல்வர் பதவியை அவர் துறந்தார்.

இவ்விடத்தில் அந்தப் பெருமகனாரோடு சற்றே மாறுபட விழைகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு இந்த மூன்று ஆண்டுகள் நீண்டவையாகத் தோன்றவில்லை. பட்டையை எப்படி வைப்பது என்று பட்டறை கற்பிக்கும். மூன்றின் வர்க்கமூலம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கரும்பலகைதான் கற்பித்தது. மூன்று மின்னழுத்தங்கள் 120 பாகை இடைவெளியில் சுழல்வதை வெக்டர் படமாக எங்கள் விரிவுரையாளர் வரைந்த பிறகே, அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒழுங்கு எனக்குப் புலப்பட்டது. நாயுடு போன்ற மேதைக்குக் கழற்றிப் பார்ப்பதே போதுமான கல்வியாக இருந்திருக்கலாம். மேதைகள் அல்லாத நமக்குக் காலமும் வேண்டும், கற்பிப்பவரும் வேண்டும். பட்டம் இன்றித் தொழில் நடத்த அவரால் முடிந்தது. பட்டம் இல்லையென்றால் நம்மில் பலருக்கு வேலை வாசலே திறவாது.

ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் நம் முன்னே நிற்கிறது. படித்த ஆண்டுகளில் எத்தனை முறை திருப்புளியைக் கையில் எடுத்தோம்? தேர்வில் ஸ்டார், டெல்டா கணக்கை முழு மதிப்பெண்ணுக்குப் போடும் நாம், நம் வீட்டுக் கிணற்று மோட்டாரின் பெட்டிக்குள் எந்த இணைப்பு இருக்கிறது என்று அறிவோமா? காயில் கட்டுபவருக்குக் கணக்குத் தெரியாது. கணக்குப் போடுபவருக்குக் காயில் தெரியாது. இந்த இருவரும் சந்திக்காமல் போவதால் வரும் இழப்பை உழவர் கடனாகச் சுமக்கிறார். ஆண்டுகளைக் குறைக்கச் சொன்ன நாயுடுவின் கணக்கு தவறாகவே இருக்கட்டும். இந்த இடைவெளியை அவர் அன்றே கண்டார் என்பதை மறுக்க இயலாது.

அடைபட்ட கதவுகளும் அணையாத ஊக்கமும்

அவருடைய முயற்சிகள் எல்லாம் கைகூடின என்று சொல்வதற்கில்லை. ஐந்து வால்வு கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்ய முடியும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் சிறு காரை 2,000 ரூபாய்க்குத் தரலாம் என்று முன்வந்தார். அரசின் உரிமம் கிடைக்காமல் அந்தக் கார் வீதிக்கு வரவில்லை. சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவு இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று அவருடைய கை ஓயவில்லை. வேளாண்மையிலும் பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களில் சோதனைகள் செய்தார்.

1967ஆம் ஆண்டில் அவர் நிலையான தொழிற்கண்காட்சி ஒன்றை ஏற்படுத்தினார். அறிந்ததைப் பூட்டி வைக்காமல் பார்வைக்கு வைத்தது அவருடைய இயல்புக்குப் பொருத்தமானதே. 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், தம் 80ஆம் வயதில், அவர் மறைந்தார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அவருடைய நினைவைப் போற்றும் அருங்காட்சியகம் உள்ளது. அதே சாலையில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் பெயர் தாங்கித் திறக்கப்பட்டது. ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கியவரின் பெயரில் ஆயிரமாயிரம் வண்டிகள் ஓடுகின்றன.

மாணவ நண்பர்களே! நாயுடுவைப் போல நாம் அனைவரும் மோட்டார் செய்ய வேண்டியதில்லை. இந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் இயற்பியல் மாணவர் ஒவ்வொருவரும், அனுபவமுள்ள மின்பணியாளர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு கிணற்று மோட்டாரின் பெட்டியைத் திறந்து பார்ப்போம். பெயர்த்தகட்டில் எழுதியிருப்பதும் உள்ளே பட்டைகள் நிற்பதும் ஒத்திருக்கின்றனவா என்று நோக்குவோம். தளர்ந்த திருகாணியை இறுக்கச் சொல்வோம். கருகிய முனையைச் சுரண்டித் துடைத்து மாற்றச் சொல்வோம். பிறகு அந்த ஆறு முனைகளின் படத்தை ஒரு தாளில் வரைந்து, எது ஸ்டார், எது டெல்டா என்று தமிழில் எழுதி, மோட்டார் அறையின் சுவரில் ஒட்டிவிட்டு வருவோம். அடுத்த முறை மோட்டார் சுடும்போது, அந்தத் தாளைப் பார்த்துக் கேள்வி கேட்க அந்த வீட்டில் ஓர் ஆள் இருப்பார்.